வெயிலுக்கு வேலை கொடுத்த ஊர்

எங்கள் வாலாஜாபாத்தில் தறிக்காரர் வீடுகளில் வெயிலைப் பகையாளி என்றுதான் சொல்லுவோம். தெருவில் பாவு போடுவதென்றால் விடியலுக்கு முன்னே ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். சாயம் தோய்த்த பட்டை நிழலில்தான் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் நிறம் மங்கிப்போகும். சித்திரை பிறந்தால் சிமெண்ட் ஷீட் போட்ட தறிக்கொட்டகை அடுப்பாகிவிடும். நெய்கிறவர் வியர்வை பட்டில் சொட்டாமல் இருக்கத் தோளில் ஒரு துண்டு எப்போதும் கிடக்கும்.

அப்படிப்பட்ட ஊர்க்காரியான நான், நாசிக் வரை போய், வெயிலை வீட்டு ஆள் மாதிரி வேலை வாங்குகிற ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த இடம் ஒரு ஒயின் ஆலை! சிரிக்காதீர்கள் சகோதரிகளே, போன கதையை முழுக்கச் சொல்கிறேன்.

வேண்டுதலும் முட்டி வலியும்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரத்துக்குப் பாரிவேட்டைக்குப் போகும்போது எங்கள் ஊர் வழியாகத்தான் எழுந்தருளுவார். 2024-ஆம் வருஷப் பொங்கலில் என் வீட்டுக்காரரால் அரை மணி நேரம்கூட நின்று சேவிக்க முடியவில்லை. முட்டியில் அத்தனை வலி. பட்டுத்தறியில் புடவைக்குப் புட்டாவும் பார்டரும் விழ வேண்டுமென்றால், மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்க வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் ஒரு மிதி. இருபத்தைந்து வருஷம் மிதித்த கால்!

"இனிமேல் காலுக்கு வேலை கொடுக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட நெய்கிறவர்கள் சிலர் செய்திருப்பதைப் போல, ஜக்கார்டைத் தூக்க ஒரு சின்ன மோட்டார் வைத்தோம். கால் தப்பித்தது. ஆனால் கரண்ட் போனால் தறி நின்றுவிடும். கல்யாணப் புடவைக்குத் தேதி குறித்திருக்கும்போது, நடுப்பகலில் இரண்டு மணி நேரம் தறி நின்றால் மனசு எப்படி இருக்கும்? "பரவாயில்லை, மிதிச்சுடறேன்" என்று அவர் மறுபடி காலைத் தூக்கி வைப்பார். பார்க்கிற எனக்குத்தான் வலிக்கும்.

மாப்பிள்ளை கால் குணமாக வேண்டுமென்று அம்மா ஷீரடி பாபாவுக்கு வேண்டிக்கொண்டாள். என் தம்பி நாசிக்கில் ஒரு தொழிற்சாலையில் வேலையாக இருக்கிறான். "அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றான். வீட்டுக்காரருக்குத் தறியில் புடவை பாதியில் இருந்தது. அம்மாவும் நானும் மட்டும் பிப்ரவரியில் கிளம்பினோம். சென்னை சென்ட்ரலிலிருந்து ஷீரடிக்கு நேராகவே வாரத்துக்கு ஒரு ரயில் இருக்கிறது. புளியோதரை, எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று கட்டிக்கொண்டு ஏறிவிட்டோம்.

ஷீரடியில் வெயில் சமைத்த சோறு

தரிசனம் நிறைவாக நடந்தது. பிரசாதாலயத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, தம்பி முதல் ஆச்சரியத்தைச் சொன்னான். 2009-ஆம் வருஷம் இந்தச் சமையல்கூடத்து மாடியில், கிண்ணம் மாதிரிக் குழிந்த பெரிய கண்ணாடிகள் 73 வைத்தார்களாம். அவை வெயிலை ஒரே இடத்தில் குவித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அந்த நீராவி குழாய் வழியாகச் சமையல்கூடத்துக்கு வந்து சோறும் பருப்பும் வேகும். நாளொன்றுக்கு 20,000 பேருக்குச் சமைக்கும் அளவில் அமைத்தது. வெயில் இல்லாத நேரத்துக்கு கேஸ்.

அம்மா கையிலிருந்த கவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வத்தல் காய வைக்கத்தான் வெயில்னு நினைச்சேன்" என்றாள்.

ஷீரடியிலிருந்து நாசிக் சுமார் 90 கிலோமீட்டர். வழியெல்லாம் திராட்சைத் தோட்டம்! நம்மூர் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பது போலச் சில இடங்களில் பந்தல், சில இடங்களில் கம்பி வேலி போல வரிசை. கம்பத்தின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அங்கே வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும். நாசிக்கில் அப்படியில்லை. மழைக்காலம் முடிந்ததும் கொடியைக் கவாத்து செய்வார்கள். பழம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பறிப்பார்கள். நாங்கள் போனது சரியான பறிப்புக் காலம்.

"அந்த வாசலை நான் மிதிக்கமாட்டேன்"

பஞ்சவடியில் ராமகுண்டத்தில் கோதாவரிக்குக் கும்பிடு போட்டு, மறுநாள் திரியம்பகேஸ்வரரையும் தரிசித்தாயிற்று. மூன்றாம் நாள் காலையில் தம்பி மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, இங்கே கங்காபூர் அணைக்குப் பக்கத்திலே சுலான்னு ஒரு ஒயின் ஆலை இருக்கு. ஊரிலே இருந்து யார் வந்தாலும் அதைப் பார்க்காமல் போகமாட்டாங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முகம் சுண்டிவிட்டது. "நீங்க போய்ட்டு வாங்க. அந்த வாசலை நான் மிதிக்கமாட்டேன்."

ஏன் என்று எனக்கும் தம்பிக்கும் தெரியும். எங்கள் அப்பா கைராசியான நெசவாளி. அவர் கோர்வை சேர்த்தால் உடலும் பார்டரும் சேர்ந்த இடம் கண்ணுக்கே தெரியாது என்பார்கள். ஆனால் கூலி வாங்கிய சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரமாட்டார். சாராயக்கடையிலிருந்து யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். முதலில் அம்மாவின் வளையல் போயிற்று. பிறகு தறியே போயிற்று. தறி இருந்த குழியை அம்மா தானே மண் போட்டு மூடினாள். அன்று எனக்குப் பத்து வயசு. அப்பா போய்ப் பதினெட்டு வருஷமாகியும் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

"குடிக்கவா கூப்பிடறேன்? மாமாவுடைய தறிக்கு உதவுற ஒரு விஷயம் அங்கே இருக்கும்மா" என்றான் தம்பி. தறி என்றதும் அம்மா எழுந்து வந்து காரில் உட்கார்ந்தாள். ஆனால் உள்ளே வரமாட்டேன், வெளியே மர நிழலில் இருக்கிறேன் என்று நிபந்தனை.

மாவு பொங்குகிற கதைதான்!

சுலாவை 1999-ல் ஆரம்பித்தவர் ராஜீவ் சமந்த் என்பவர். அமெரிக்காவில் படித்து, கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டுத் திரும்பி வந்து குடும்ப நிலத்தில் திராட்சை போட்டாராம். அவருடைய அம்மா பெயர் சுலபா. அந்தப் பெயரிலிருந்துதான் சுலா.

இதைத் தம்பி சொன்னபோது வெளியே உட்கார்ந்திருந்த அம்மா, "அம்மா பேரையா வெச்சான்?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, வெயில் ஏறுது. உள்ளே நிழல்லயாவது நிக்கறேன்" என்று எழுந்துவந்துவிட்டாள்!

உள்ளே போனதும் அம்மாடி, என்ன குளுமை! இரண்டு மாடி உயரத்துக்கு எவர்சில்வர் தொட்டிகள் வரிசையாக நின்றன. சுற்றிக்காட்டிய பெண் ஆங்கிலத்தில் சொல்ல, தம்பி எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். திராட்சையை நசுக்கிச் சாறெடுத்துத் தொட்டியில் விட்டு ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சாற்றில் இருக்கிற சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. கூடவே காற்றும் கொப்புளமாக வரும், சூடும் உண்டாகும்.

"சூடு எப்படி வரும்? அடுப்பே இல்லையே?" என்று அம்மா கேட்டாள்.

"இட்லி மாவு கரைச்சு வெச்சா ராத்திரி பொங்குதில்லே? அந்தக் கதைதாம்மா" என்றேன் நான். நன்றாகப் பொங்கிக்கொண்டிருக்கும் மாவுக்குள்ளும் லேசாகச் சூடு உண்டாகும். ஏனம் சின்னது, அதனால் நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆயிரக்கணக்கான லிட்டர் சாறு ஒரே தொட்டியில் பொங்கினால் அந்தச் சூடு சாதாரணமாக இருக்குமா? வெயில் காலத்தில் மாவு சட்டென்று புளித்து நாறிப்போகிற மாதிரி, சூடு ஏறினால் ஒயினின் வாசனையும் பாழாகுமாம். வெள்ளை ஒயின் சுமார் 12 முதல் 18 டிகிரிக்குள் மெதுவாகப் புளிக்க வேண்டும். வெளியிலோ முப்பது டிகிரிக்கு மேல்!

அதனால் தொட்டிகளைச் சுற்றி இன்னொரு உறை வைத்து, அதில் சில்லென்ற திரவத்தை ஓட விடுகிறார்கள். நாம் பால் திரிந்துவிடாமல் இருக்கப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைக்கிறோமே, அதே யுக்திதான். ஒயின் ஆலையில் மின்சாரத்தைப் பெரும்பாலும் விழுங்குவது இந்தக் குளிர்விக்கும் இயந்திரங்கள்தான். அதற்குப் பிறகுதான் பழம் பிழிவது, பம்பு, பாட்டிலில் அடைப்பது எல்லாம்.

வெயிலே தரும் குளிர்ச்சி

தம்பி காட்ட நினைத்தது கூரையின் மேல் இருந்தது. கருநீலப் பலகைகள், வரிசை வரிசையாக! சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் சோலார் பலகைகள். இந்த நிறுவனம் மொத்தம் இரண்டு மெகாவாட்டுக்கு மேல் அமைத்திருக்கிறதாம். மெகாவாட் என்றால் நமக்கு என்ன புரியும்? ஒரு வீட்டு மாடியில் ஒரு கிலோவாட் பலகை வைப்பதாக வைத்துக்கொண்டால், இது இரண்டாயிரம் வீட்டு மாடிக்குச் சமம். அவர்கள் மின்சாரத் தேவையில் பாதிக்கு மேல் வெயிலிலிருந்தே கிடைக்கிறதென்றால் பாருங்கள்!

எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கணக்கை விட அதிலுள்ள பொருத்தம்தான். பழம் வந்து குவிவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அப்போதுதான் குளிர்ச்சி அதிகம் தேவை. அந்த மாதங்களில் நாசிக் வானத்தில் பெரும்பாலும் மேகமே இருக்காது. அதுபோலவே, ஒரு நாளில் உச்சி வேளைதான் தொட்டிகள் அதிகம் சூடாகும் நேரம். பலகைகள் அதிகம் மின்சாரம் தருவதும் உச்சி வேளையில்தான். சூடேற்றுகிறவனே விசிறியும் வீசுகிற கதை! ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மேகம் கவிந்து மின்சாரம் குறையும். அந்த மாதங்களில் பழம் பறிப்பும் இல்லை. ராத்திரிக்கும் மழைக்கும் சாதாரண மின் இணைப்பு.

"சூரியனுக்கு எந்த வேலை ஒத்துவரும்னு பார்த்துக் குடுத்திருக்காங்க. அதான் ஜெயிச்சிருக்காங்க" என்றான் தம்பி. அந்த நிமிஷம் எனக்கு எங்கள் தறிக்கொட்டகை கண்முன் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து மாலை வெளிச்சம் மங்கும்போது எழுந்திருப்பவர். அவர் வேலை நேரமும் சூரியனின் வேலை நேரமும் ஒன்றுதானே!

மாடித் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் கீழே திராட்சை வரிசைகள், தூரத்தில் அணை நீர். சுற்றிலும் ஆண்களும் பெண்களுமாகக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். "எந்தக் கண்ணாடியிலே ஊத்தினாலும் அது அதுதான்" என்று மட்டும் சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் படியிறங்கும்போது அம்மாவே, "வேலை சுத்தமாப் பண்றாங்க. அதை ஒத்துக்கணும்" என்றாள்.

மாடிக்கு வந்த பலகை

ஊருக்கு வந்ததும் விசாரிக்க ஆரம்பித்தோம். அந்தப் பிப்ரவரியில்தான் மத்திய அரசின் வீட்டுக்கூரை சூரிய மின் திட்டமும் ஆரம்பமாகியிருந்தது. அதன்படி ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். நல்ல வெயிலில் நாளுக்கு நாலு யூனிட் போலக் கிடைக்கும்.

நானும் அந்த ஆசையில்தான் இருந்தேன். நல்ல வேளை, விவரம் தெரிந்த ஒரு பிள்ளை முதலிலேயே சொன்னான். மின் இணைப்போடு சேர்த்து, பேட்டரி இல்லாமல் வைக்கும் பலகைகள், கரண்ட் போனதும் தாமும் நின்றுவிடுமாம்! லைனில் ஏறி வேலை செய்கிற ஆளுக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்து ஆபத்தாகக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. பில் குறைய வேண்டும் என்கிறவர்களுக்கு அது அருமையான திட்டம். எங்களுக்கோ பில் பெரிய கவலையில்லை. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்று 2023-ல் உயர்த்திவிட்டார்கள். எங்கள் கவலை, கரண்ட் நிற்கும்போது தறி நிற்பதுதான். அதற்குப் பேட்டரியோடு கூடிய சின்ன அமைப்புதான் வேண்டும்.

வீட்டுக்காரர் தயங்கினார். "இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு? இரண்டு மணி நேரம் காலாலே மிதிச்சா போச்சு" என்றார். அம்மா தன் பெட்டியைத் திறந்து, தார் சுற்றிச் சேர்த்த பணத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"ஒரு தறி குழியை மண் போட்டு மூடினவ நான். இந்தத் தறி நிக்கக் கூடாது, மாப்பிள்ளை" என்றாள்.

அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் தானே மாடிக்குப் போய், பலகை வைக்கிற இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு பலகை, ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். ஜக்கார்டு மோட்டார், ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு. இவ்வளவுதான் அதற்கு வேலை. முதல் மாதம் ஏமாற்றமாக இருந்தது. மூன்று மணிக்கெல்லாம் மின்சாரம் சரிந்துவிடும். என்னவென்று பார்த்தால், பக்கத்து வேப்பமரத்தின் நிழல் ஒரு பலகையின் மூலையில் விழுந்தது. பலகையில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் முழுப் பலகையும் சோர்ந்துபோகும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இடத்தை மாற்றியதும் சரியாயிற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மறுபடி மந்தம். அந்த நாட்களில் தறிக்குழியே ஈரமாக இருக்கும், நெசவும் மந்தம்தான். நாசிக்காரர்களுக்கு மழை மாதம் போல எங்களுக்கும் என்று தேற்றிக்கொண்டேன்.

இப்போது பகலில் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் நிற்பதில்லை. முட்டி வலி முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த பொங்கலுக்கு வரதர் வந்தபோது, அவர் கடைசிவரை நின்று சேவித்தார்.

செய்ய நினைக்கும் சகோதரிகளுக்கு

* முதலில் உங்களுக்கு எது தேவை என்று தீர்மானியுங்கள். பில் குறையவா, கரண்ட் நிற்காமல் இருக்கவா? இரண்டுக்கும் அமைப்பு வேறு.

* பலகை தெற்கு பார்த்து, லேசான சாய்வில் இருக்கட்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை மாடியில் எங்கே நிழல் விழுகிறதென்று ஒரு நாள் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

* பதினைந்து நாளைக்கு ஒருமுறை, விடியற்காலையில் மெத்தென்ற துணியால் தூசியைத் துடையுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். விரிசல் விடும்.

* கிரைண்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின் வேலைகளைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெயில் இருக்கும்போதே வேலை வாங்கிவிட வேண்டும்.

* நாசிக் போகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். காலையில் குளிரும், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். தோட்டத்தில் பறித்த திராட்சையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் கழுவிய பிறகே கொடுங்கள்.

அம்மா இப்போதும் வெயிலில் வத்தல் போட மாடிக்குப் போகிறாள். போகும்போதெல்லாம் முந்தானையால் பலகையை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் இறங்குவாள்.